நெல் அறையில் பார்த்த கை

தென்காசி மாட்டு டாக்டரை நினைத்தால், எங்கள் பசுவின் வாயருகே மூக்கை வைத்துக்கொண்டு அவர் குனிந்து நின்றதுதான் முதலில் கண்ணில் வருகிறது. ஆனி மாதம். குற்றாலச் சாரல் எங்கள் கீழப்பாவூர் வரை தூவிக்கொண்டிருந்தது. பசு வயிறு உப்பி, நுரை தள்ளிக் கிடந்தது.

"பூண்டு வாடை அடிக்கே. எலிப்பசையைத் தின்னுட்டோ?" என்றார்.

"நாந்தான் பூண்டும் மிளகும் அரைச்சு ஊத்துனேன், டாக்டரய்யா," என்றாள் என் மனைவி.

வயிறு உப்பினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரு கையால் நாக்கை இழுத்துப் பிடித்து, மறு கையால் மூங்கில் குழாயில் ஊற்றியிருந்தாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். எலிக்கு வைக்கும் அந்த விஷப்பசைக்கும் அதே வாடைதானாம். நாங்கள் எலிமருந்து வைக்கவில்லை. ஆனால் முந்தின நாள் வாங்கிவந்த பிண்ணாக்கு மூட்டையை எலி கடித்திருந்தது; கடைக்காரர் எலிக்கு வைத்த பசை அதில் பட்டிருக்கலாம். காலையில் அந்தப் பசுவின் பாலைத்தான் எங்கள் பிள்ளை குடித்திருந்தான்.

"பிண்ணாக்கத் தின்னுக்கிட்டு இருக்கையிலதான கறந்திய? அதுக்குள்ள பால்ல இறங்காது," என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

எலிப்பசை இருட்டில் மினுங்குமாம். எங்கள் நெல் அறைக்குச் சன்னல் கிடையாது. டாக்டர் நுரையை வாழையிலையில் வழித்துக்கொண்டு உள்ளே வந்தார். மனைவியும் பின்னால் வந்து நின்றாள். கதவைச் சாத்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிழைத்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது இலையில் மங்கலாக ஒரு பச்சை வெளிச்சம் தெரிந்தது. சற்றுத் தள்ளி, இருட்டில் ஐந்து விரல்கள். என் மனைவியின் கை.

"யம்மா, இந்தக் கையால பிள்ளைக்கு என்னமும் ஊட்டுனியா?" என்றார் டாக்டர்.

"சோறு ஊட்டுனேன். கையக் கழுவிட்டுத்தான்..." என்றவள் நிறுத்திவிட்டாள். "கழுவுனனா?"

விஷத்துக்கு நெய் கொடுப்பது வழக்கமாயிற்றே என்று நெய்க் கிண்ணத்தை எடுத்தேன். டாக்டர் அதைத் தட்டிவிட்டார். "நெய்யி, எண்ணெ, பாலு ஒண்ணும் ஆகாது, விஷம் இன்னும் ஏறும். வண்டியப் பூட்டும்!"

பசுவைக் கிடந்தபடியே விட்டுவிட்டு அவரும் வண்டியில் ஏறினார். தென்காசி ஆஸ்பத்திரி வரை பிள்ளையின் வாயை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

சில நாள் வைத்திருந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பசு அன்றைக்கே செத்துப்போயிற்று.

இப்போது பேரன் பிறந்து தவழ்கிறான். அவனுக்குச் சோறு ஊட்டுமுன் என் மனைவி கையைக் கழுவி, நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முதலில் சில நாள் கேலி செய்தேன். இப்போது அவள் வெளியே வரும்வரை பேரனை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.