மினுங்காத வாத்து

ரெங்கராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். யான்புவில் எண்ணெய்க் குழாய்க்குப் பெயின்ட் அடித்தபோதும் சரி, தோஹாவில் இரும்புக் கேட்டுக்கு அடித்தபோதும் சரி, வேலை போனதெல்லாம் அந்த வாயால்தான். இப்போது துபாய் அல் கூஸில், கீழக்கரை செய்கு அலாவுதீன் பாயின் கார் பெயின்ட் ஒர்க்‌ஷாப். விசாவைப் புதுப்பிக்க பாய் கையெழுத்துப் போட வேண்டிய வாரம். வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டிய வாரம்.

அந்த வாரம் பார்த்தா வாத்து வந்து சேர வேண்டும்! வருடா வருடம் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகும் ஓர் அரபி, நாற்பது பிளாஸ்டிக் வாத்துகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். தண்ணீரில் மிதக்க விட்டால், நம்ம கூட்டம் என்று நம்பி நிஜ வாத்து இறங்குமாம். எல்லாம் சாயம் வெளுத்துக் கிடந்தன.

ரெங்கராஜ் லீவு நாளில் ராஸ் அல் கோர் சதுப்புக்குப் போய், இரண்டு மணி நேரம் வாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, பிரஷ்ஷால் இறகு இறகாக எழுதினான். நாற்பதும் மங்கலாக, உயிரோடு இருப்பதுபோல வந்து நின்றன.

பாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா, கிளியர் கோட் எங்கே?"

அந்த ஒர்க்‌ஷாப்பில் பளபளப்புப் பூச்சு அடிக்காமல் எதுவும் வாசல் தாண்டாது. ஒருமுறை பிள்ளைத் தொட்டிலுக்குக்கூட அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

"மினுங்கக் கூடாது பாய். எந்த வாத்து கார் மாதிரி மினுங்குது? வெயில் பட்டா பளிச்சுன்னு அடிக்கும். மேல பறக்குறது மெரண்டு ஓடிரும்."

"நீ என்ன, வாத்து டாக்டரா? பேசாம அடி."

"அடிக்கமாட்டேன்."

"விசா பேப்பர் என் மேசையிலதான் கெடக்கு, தெரியும்ல?"

ரெங்கராஜ் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். ஊரில் மகள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "கேன்சல் பண்ணிக்கங்க. நான் செஞ்சதை நானே கெடுக்கமாட்டேன்."

பாய் கோபத்தில் ஸ்பிரே கன்னைத் தானே எடுத்து இருபது வாத்துக்கு அடித்துத் தள்ளினார்.

மறுநாள் அரபி வந்தார். மினுங்கியதைப் பார்த்து, "மாஷா அல்லா!" என்றார். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. ரெங்கராஜ் யாரையும் கேட்கவில்லை. மினுங்கியது ஒன்று, மங்கியது ஒன்று எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டியில் இரண்டையும் மிதக்கவிட்டான். "அர்பாப், இதர் தேக்கோ!" என்று இங்கே பார்க்கும்படி அரபியைக் கூப்பிட்டான்.

அரபி தள்ளி நின்று பார்த்தார். கூசிய கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். "மாஃபி! மாஃபி!" என்று வேண்டாமெனத் தலையாட்டி, மினுங்கிய வாத்தைத் தள்ளிவிட்டு, மங்கியதைக் காட்டினார். எல்லாம் இதேபோல, வியாழக்கிழமைக்குள். சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

பாய் அலமாரியிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். ரெங்கராஜிடம் நீட்டினார். "சரி, சரி. தேய்ச்சுரு."

ரெங்கராஜ் அதை வாங்கி, நாலாக மடித்து, பாயின் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தான். "அடிச்சது நீங்க. பேப்பர்ல கையெழுத்தப் போட்டுட்டு வந்து உக்காந்து தேய்ங்க. பெயின்ட் நான் அடிக்கிறேன்."

பாய் முறைத்தார். உள்ளே போனார். கையெழுத்துப் போட்ட பேப்பரை அவன் முன்னால் எறிந்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் வாத்தைத் தேய்க்க உட்கார்ந்தார்.