புரட்டாசியில் வந்து நின்ற பிரியாணி வேன்

போன வருடம் அக்டோபரில் ஒரு காலை. திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையின் சமையல்கூடத்தில் சமையல் மாஸ்டர், வேன் டிரைவர், நான் என்று மூன்று பேர் இருந்தோம். ஆர்டர்களைக் கவனிக்கும் முதலாளி பாய் இல்லை. மகள் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி செய்து அனுப்பும் கடை அது. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைப் படித்து, என்ன தேதி, எந்த ஊர், எத்தனை பேர் என்று பிரித்துத் திரையில் காட்டும் புரோகிராமை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தனியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை. அது ஒழுங்காக ஓடினால் பாயின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் கடைக்கும் கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த இரண்டு கடையும் வந்தால் அப்பாவை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்து வைத்திருந்தேன்.

அன்று திரையில் ஒரே ஆர்டர். வடமதுரைப் பக்கம் ஒரு கிராமம், நூற்றைம்பது பேர், மட்டன். மாஸ்டர் கரண்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

“புரட்டாசியில அங்கிட்டு எவன் கறி கேக்குறான்?”

“சிஸ்டத்துல அப்படித்தாண்ணே வந்திருக்கு” என்றேன்.

“வேதக்கார வீடா இருக்கும்” என்றார் டிரைவர். கிறிஸ்தவர்களுக்குப் புரட்டாசி ஏது? எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தார்.

வேனோடு நானும் போனேன். அந்த வீட்டில் பந்தலும் இல்லை, மைக்செட்டும் இல்லை. வாசலில் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்டர் கொடுத்த விவசாயி தலையில் துண்டோடு எழுந்து வந்தார்.

“யாருப்பு, என்ன வேணும்?”

“பிரியாணிண்ணே. உங்க வீட்டு விசேஷத்துக்கு.”

அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க வீட்டுக் காதுகுத்து ஐப்பசியிலல்ல! புரட்டாசி பொறந்தா நாங்க கறிச்சட்டியவே பரண்ல ஏத்திருவோம். நீ என்னடான்னா தேக்சாவோட வந்து நிக்கிற!”

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “அந்த மூடியத் தொறந்துராதீக சாமி, வாசம் பூராம் வீட்டுக்குள்ள வந்துரும்!”

போனை எடுத்து அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். ‘ஐப்பசி 9’ என்று தெளிவாக இருந்தது. அதாவது அக்டோபர் கடைசி. என் புரோகிராமுக்கு ஐப்பசி தெரியாது. தெரியாத வார்த்தையை விட்டுவிட்டு, ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நடப்பு மாதத்தை அதுவாகவே சேர்த்துவிட்டது. அன்று அக்டோபர் ஒன்பது. அவருக்குப் போன பதிலிலும் ‘ஆர்டர் உறுதி, நன்றி’ என்றுதான் இருந்தது, தேதி இல்லை.

வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவிடம் என் பிறந்தநாளைக் கேட்டால் இன்றைக்கும் ‘மாசி இருபது’ என்றுதான் சொல்லும். அது எந்த வருடத்து மாசி என்று தெரியாததால், பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஜூனில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டார்கள். இருபது வருடம் அந்த ஜூனையே எழுதி எழுதி, மாசி என்று ஒன்று இருப்பதையே நான் மறந்திருக்கிறேன்.

“ஏலே, ஒக்காந்தா சோறு வித்துருமா?” என்றார் விவசாயி. தன் காய்கறியை வாங்கும் ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, “கேரளா லாரிக்காரங்களுக்கு என்னப்பு புரட்டாசி? லோடு ஏத்திட்டு இருக்காகளாம். வண்டியத் திருப்பு” என்றார்.

திருப்பினோம். மார்க்கெட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த லாரிகளுக்கு நடுவே வேனை நிறுத்தி, பாதி விலைக்குப் பொட்டலம் கட்டினோம். முக்கால்வாசி போனது. மீதியைச் சுமை இறக்குபவர்களுக்குச் சும்மாவே கொடுத்தோம். சாயங்காலம் கை முழுக்க நெய்யோடு பாய்க்குப் போன் செய்தேன்.

“சோத்தைக் கொட்டலையே?”

“இல்ல பாய்.”

“ஐப்பசி ஆர்டராவது நிக்குதா?”

“நிக்குது பாய்.”

“அப்ப ஐப்பசின்னா என்னன்னு மொதல்ல அதுக்குச் சொல்லிக் குடு தம்பி.”

சொன்னபடி ஐப்பசி ஒன்பதுக்குப் பிரியாணி போனது. சொந்தக்காரர்களின் கடைகள் இரண்டும் வரவில்லை. “பாப்போம்” என்றார்கள், இன்னும் பார்க்கிறார்கள். அப்பா இன்னும் மூட்டை தூக்குகிறார். என் புரோகிராம் இப்போது தெரியாத வார்த்தை வந்தால் தானாக எதையும் நிரப்புவதில்லை. நின்று, “எந்த மாசம், என்ன கிழமை?” என்று கேட்கிறது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல அதுவும் நானும் கற்றுக்கொண்டதற்கு, பாய்க்கும் எனக்குமாக, டீசலையும் சேர்த்து ஆன செலவு பதிமூன்றாயிரத்து இருநூறு ரூபாய்.