வெளியாள் பட்டியலில் என்ர மனுசன்

இவரை உதைபந்தாட்ட ரீமில இருந்து எடுத்துப்போட்டினம் எண்ட செய்தி எனக்குக் கிடைச்சது மீன்கடையில. விளைமீன் ஒண்டைக் காட்டி, "துண்டாக்கித் தாங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். பக்கத்தில நிண்ட ஒரு அன்ரி, செத்தவீட்டில பிடிக்கிற மாதிரி என்ர கையைப் பிடிச்சு, "கேள்விப்பட்டன் பிள்ளை. என்ன செய்யிறது, வயசும் போகுதுதானே" எண்டா. எனக்குத் தலையும் விளங்கேல்லை, வாலும் விளங்கேல்லை. பிறகு அவவே விளக்கமாச் சொன்னா. என்ர மனுசன் விளையாடுற கழகத்துக்குப் பிரான்சில இருந்து ஒரு பெடியன் வந்து சேர்ந்திட்டானாம். நல்ல உயரமாம். வாற கோடைக்கு அவன்தானாம் கோல் கீப்பர்.

வீட்டை வந்து கேட்டன். இவர் சோபாவில இருந்து மூத்தவனுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஓம், போன கிழமை சொன்னவை" எண்டார், தலையை நிமிர்த்தாமல்.

"போன கிழமையோ! எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் அவைக்குப் போன் எடுத்துக் கத்துவீர்."

அது உண்மைதான். கத்தியிருப்பன்.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி அது. ரொறன்ரோவில அப்ப எங்கட சனத்துக்கு ஊருக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. யாழ்ப்பாணத்தில ஆர் எந்த ஊரோ, இஞ்ச அந்த ஊர்க் கழகத்துக்குத்தான் விளையாடவேணும். கோடையில சனி ஞாயிறு எண்டால் பார்க்குகளில மச். பனி கொட்டத் தொடங்கினால் பந்து அலுமாரிக்குள்ள போயிடும், சண்டை வெளியில வந்திடும். ஆர் நிக்கிறது, ஆரை விடுறது, ஆர் ஆற்ற ஆளைக் களவெடுத்தது. ஒருக்கா ஒரு கலியாண வீட்டில, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, ரெண்டு செயலாளர்மார் ஒரு கோல் அடிக்கிற பெடியனுக்காக இழுபறிப்பட்டதை நான் என்ர கண்ணால கண்டனான். பொம்பிளை மாப்பிள்ளையை ஒருத்தரும் பாக்கேல்லை.

இதுக்கு ஒரு முடிவு கட்டினது எல்லாக் கழகங்களுக்கும் பொதுவான கொம்மிற்றியின்ர தலைவர். ரக்சி ஓடுற ஒரு அண்ணை. பகல் முழுக்கக் காருக்குள்ள றேடியோ கேட்டுக் கேட்டு, இந்த நகரத்துப் புரொபெஷனல் ரீமின்ர கதையெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நான் சொல்லுறது எங்கட உதைபந்து இல்லை. தலையில கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரிப் பந்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ஓடுற புட்போல். மாரிகாலத்தில அதுக்கு மச் இல்லை, ஆனா றேடியோவில கதை மட்டும் ஓயாது. ஆற்ற ஒப்பந்தம் முடியுது, ஆர் இனி விரும்பின ரீமுக்குப் போகலாம், அமெரிக்காவில இருந்து எத்தினை பேரை வைச்சிருக்கலாம். அமெரிக்கக்காரருக்கு ஒரு அளவு உண்டு, மிச்ச ஆக்கள் கனடாக்காரராய் இருக்கவேணும்.

அண்ணை அதை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து எங்கட ஆக்களின்ர தலையில இறக்கினார். "புரொபெஷனல் ஆக்களே இப்பிடித்தான் செய்யினம். நாங்கள் மட்டும் ஏன் நாய் மாதிரி அடிபடுவான்?" எண்டு கேட்டாராம். ஒரு கழகம் வேண்டாம் எண்டு விட்ட ஆள் விரும்பின கழகத்துக்குப் போகலாம். பங்குனிக் கூட்டத்தில ஒவ்வொரு செயலாளரும் தன்ர ஆக்களின்ர பேரை எல்லாருக்கும் முன்னால வாசிக்கவேணும். ஊர் ஆக்கள் எத்தினை பேரும் இருக்கலாம். வெளியாக்கள் ரெண்டே ரெண்டு பேர். சரி, ஊர் ஆள் எண்டால் ஆர்? அந்த ஊரில பிறந்தவர், இல்லாட்டில் அந்த ஊரில பெண் எடுத்தவர். எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சால் ஆம்பிளைதானே பொம்பிளையின்ர சீதன வீட்டுக்குப் போய் இருக்கிறவர். அதால மாப்பிள்ளையும் ஊர்தான் எண்டு எல்லாரும் கையைத் தூக்கிச்சினம். என்ர அண்ணாவும் தூக்கினவர்.

என்ர அண்ணாதான் எங்கட ஊர்க் கழகத்தின்ர செயலாளர். கூடப்பிறந்த அண்ணா. இரவும் பகலும் ரெண்டு வேலை செய்து என்னைக் கனடாவுக்கு எடுப்பிச்சவர் அவர்தான். அதை நான் எந்த நாளும் மறக்கமாட்டன். வந்த புதிசில, "வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காதை, வா" எண்டு என்னை மச் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அங்கைதான் நான் இவரைக் கண்டனான். மற்ற ரீமின்ர கோல் கீப்பர். அண்ணா அடிச்ச பெனால்ரியைப் பாய்ந்து ஒரு கையால தட்டிவிட்டார். நான் என்னை மறந்து கை தட்டிப்போட்டன். பிழை ஆரிலை, நீங்களே சொல்லுங்கோ.

இவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவர், கடற்கரைப் பக்கத்து ஊர். நாங்கள் சைவம். நாங்கள் ரெண்டுபேரும் கலியாணம் முடிச்ச நாளில இருந்து, ஆறு வருசமா, அண்ணா என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நகரத்துக்கு வெளியில அஜக்ஸில வீடு வாங்கிக்கொண்டு போனார், புது நம்பரைத் தரேல்லை. எனக்கு ரெண்டு பிள்ளையள் பிறந்தும் வந்து பாக்கேல்லை. கடையில கண்டால் மற்றப் பக்கத்தால திரும்பிப் போவார். ஒருக்கா அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டவர், தெரியுமே! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முழு ரொறன்ரோவுக்கும் நான் கலியாணம் முடிச்சவள். அண்ணாவுக்கு மட்டும் அப்பிடி ஒரு கலியாணமே நடக்கேல்லை.

அந்த மாரிகாலம் முழுக்க இவருக்கு ஒரு கழகத்தில இருந்தும் போன் வரேல்லை. வெளியாள் இடம் ரெண்டையும் எல்லாரும் கோல் அடிக்கிற பெடியளுக்கு வைச்சிருந்தினம். முப்பத்தைஞ்சு வயசுக் கோல் கீப்பர் ஆருக்கு வேணும்? தனக்கு ஒண்டுமில்லை எண்டுதான் இவர் காட்டிக்கொண்டார். ஆனா நான் என்ர சினேகிதியோட போனில கொஞ்சம் கூடக் கதைச்சால் அறைக்கும் குசினிக்கும் நடப்பார். நான் போனை வைச்சதும், "ஆர் அது?" எண்டு கேப்பார். மிசிசாகாவில, எயார்போட்டுக்குக் கிட்ட ஒரு பக்டரியில நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிற மனுசன். "அங்க என்ர பேரைச் சரியாச் சொல்ல ஒருத்தனுக்கும் தெரியாது. கோலுக்குள்ள நிண்டால் இருநூறு சனம் பேர் சொல்லிக் கூப்பிடும்" எண்டு ஒருக்காச் சொன்னவர். அவர் கூடக் கதைக்கிற ஆள் இல்லை. அதால அது எனக்கு மனசில நிண்டிட்டுது.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கட ஊர்க் கழகத்தின்ர கப்டன் வந்து கதவைத் தட்டினான். அவையின்ர கோல் கீப்பர் வேலை கிடைச்சு அல்பேர்ட்டாவுக்குப் போயிட்டாராம். "அண்ணை, நீங்கள் எங்களுக்கு வாறியளோ?" எண்டு கேட்டான். இவர் என்னைப் பாத்தார். நான் கப்டனைப் பாத்தன்.

"அண்ணாவுக்குத் தெரியுமோ?" எண்டன்.

"அவர்தான் அக்கா கேட்டுப்பாக்கச் சொல்லி அனுப்பினவர்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ஏனெண்டால், அண்ணா பங்குனிக் கூட்டத்தில சபைக்கு முன்னால நிண்டு இவற்ற பேரை வாசிக்கவேணும். இவர் எப்பிடி உங்கட ஊர் எண்டு ஆரும் கேட்டால், என்ர தங்கச்சியைக் கட்டினவர் எண்டு அண்ணா தன்ர வாயால சொல்லவேணும். அந்த ஒரு வசனம் எனக்குக் காணும். அவர் என்ர வீட்டை வரவும் வேண்டாம், மன்னிப்புக் கேக்கவும் வேண்டாம். கப்டன் போதும் போதும் எண்டு சொல்லச் சொல்ல மறுபடியும் மறுபடியும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.

இவருக்கு என்ர கணக்கு ஒண்டும் தேவையில்லை. இன்னும் ஒரு கோடை விளையாடினால் சரி. வேலையால வந்து கட்டிடத்துக்குக் கீழ கார் நிப்பாட்டுற இடத்தில ஓடுவார். உடுப்புத் தோய்க்கிற லோன்றி றூம் சுவரில பந்தை எறிஞ்சு எறிஞ்சு பிடிச்சு, கட்டிடத்தைப் பாக்கிறவனிட்டை ஏச்சு வாங்கினார். படுக்கமுதல் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பார். "கிழவனுக்கு வந்த ஆசையைப் பார்" எண்டு நான் பகிடி பண்ணினால், "உம்மட ஊருக்குத்தானே விளையாடப்போறன், வந்து தேய்ச்சுவிடுமன்" எண்டுவார். தேய்ச்சுவிட்டன். அந்த ஒரு மாசம் நாங்கள் நல்ல சந்தோசமா இருந்தம்.

பங்குனிக் கூட்டம் ஒரு அப்பாட்மென்ற் கட்டிடத்தின்ர பார்ட்டி றூமில நடந்தது. அதுக்குப் பொம்பிளையள் போறேல்லை. நான் போனன். அண்ணா சொல்லுறதை நான் என்ர காதால கேக்கவேணும். இவர் வந்து சொல்லிக் கேக்க நான் என்ன செவிடோ? பிள்ளையளுக்கு நல்ல உடுப்புப் போட்டு, "மாமாவைக் காட்டுறன் வாங்கோ" எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனன்.

அண்ணாவுக்கு முன்பக்கம் மயிர் கொட்டியிருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பாவமாக்கூட இருந்தது. அவற்ற முறை வந்தது. எழும்பி நிண்டு ஊர் ஆக்களின்ர பேரை ஒண்டொண்டாய் வாசிச்சார். இவற்ற பேர் வரேல்லை. கடைசியா வாசிப்பார் எண்டு இருந்தன். கடைசிப் பேரும் முடிஞ்சுது. பிறகு தொண்டையைச் செருமிப்போட்டு, "வெளியாக்கள்" எண்டார். முதல் பேர் இவற்ற பேர்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிச்சுது. இவர் என்ர கையைப் பிடிச்சு இழுக்க இழுக்க நான் எழும்பிட்டன்.

"அண்ணை, ஒரு கேள்வி" எண்டு தலைவரைப் பாத்துக் கேட்டன். "பெண் எடுத்தவரும் ஊர் ஆள் எண்டு நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள்? இவர் எங்கட ஊரில பெண் எடுத்தவர். அந்தப் பெண் நான்தான். சந்தேகமெண்டால், இந்தா, பிள்ளையளும் நிக்குதுகள், பாருங்கோ."

பின்னால ரெண்டுபேர் சிரிச்சினம். தலைவர் நெத்தியைத் துடைச்சார். "பிள்ளை சொல்லுறது நியாயம்தானே" எண்டு அண்ணாவைப் பாத்தார். "மேல மாத்தி வாசிச்சால் உங்களுக்கும் நல்லம் தம்பி. வெளியாள் இடம் ஒண்டு மிஞ்சும், இன்னொரு ஆளை எடுக்கலாம்."

அண்ணா என்னைப் பாக்கேல்லை. தலைவரைப் பாத்து, ஆறுதலாச் சொன்னார்: "எங்கட ஊரில இவர் கலியாணம் கட்டினதா எனக்குத் தெரியாது."

நான் அவருக்கு நேர முன்னால நிக்கிறன். சின்னவள் என்ர இடுப்பில இருக்கிறாள். அந்த அறையில எங்கட ஊர்ப் பெடியள் ஒரு கூட்டமே இருந்தாங்கள், எங்கட அம்மாவின்ர கையால சோறு திண்டவங்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கேல்லை. எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்ச கப்டன் குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சத்தம்போடுவன் எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தினம். நான் சின்னவளை மற்ற இடுப்புக்கு மாத்தினன்.

பக்கத்தில இருந்த இவர் எழும்பினார். "அப்ப என்ர பேரை வெட்டுங்கோ" எண்டார்.

தலைவர் பதறிப்போனார். "அவசரப்படாதையும் தம்பி. இண்டையோட பதிவு முடியுது. வேற ஒரு கழகமும் உம்மைக் கேக்கேல்லை. பேர் எந்தப் பக்கத்தில கிடந்தால் என்ன? விளையாடினால் சரிதானே?"

"வெட்டுங்கோ அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு, பிள்ளையளின்ர ஜக்கெற்றுகளை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காருக்குள்ள ஏறினதும் நான் அழத் தொடங்கினன். அண்ணாவை வாய்க்கு வந்தபடி திட்டினன். பிறகு இவரையும் திட்டினன். "ரோசம் எனக்கு. உங்களுக்கு என்ன வந்தது? நீங்கள் ஏன் விட்டனீங்கள்?" எண்டு கேட்டன். "பிள்ளையளுக்குப் பசிக்கும், வீட்டை போவம்" எண்டார். அதுக்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. கீழ போய் ஓடுறதும் நிண்டுபோச்சு.

ஆடி மாசம் எங்கட ஊர்க் கழகத்துக்கு ஒரு பெரிய மச். நான் அவை தோக்கிறதைப் பாக்கத்தான் போனன், ஏன் பொய் சொல்லுவான்? இவர் வரமாட்டன் எண்டார், பிறகு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பின்னால வந்தார். புதுக் கோல் கீப்பர் ஒருத்தரும் கிடைக்காமல், பின்வரிசையில நிக்கிற ஒரு பெடியனைக் கோலுக்குள்ள விட்டிருந்தினம். பாவம், பந்து கிட்ட வந்தால் அவன் முகத்தைத் திருப்பினான். இடைவேளைக்கு முதலே கோல் மேல கோல் விழுந்தது. "கிழிஞ்சுது போ, நல்லா வேணும்" எண்டு வாய்விட்டுச் சொன்னன். ஆனா சொன்ன அளவுக்குச் சந்தோசம் வரேல்லை. அண்ணா கோட்டுக் கரையில தனிய நிண்டார். ஆரும் அவருக்குக் கிட்டப் போகேல்லை. அவருக்கு உதைபந்து எண்டால் உயிர். அப்பதான் எனக்கு வடிவா விளங்கினது. இந்த மனுசன் இப்பிடி நாறத் தோத்தாலும் தோப்பார், என்னைக் கலியாணம் முடிச்சவள் எண்டு மட்டும் சொல்லமாட்டார்.

திரும்பி இவரைப் பாத்தன். பந்து கோல் பக்கம் போற நேரமெல்லாம் இவற்ற கால் தானாய் அசைஞ்சுது. கையும் பொக்கற்றுக்கு வெளியில வந்திட்டுது. அவருக்கே அது தெரியாது.

இடைவேளைக்குக் கப்டன் ஓடிவந்தான். கையில கோல் கீப்பர் ஜேர்சி. "அண்ணை, தலைவரோட கதைச்சிட்டன், பதிவு முடிஞ்சாலும் உங்களை விடுறாராம். எங்களிட்ட ஒரு வெளியாள் இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. செயலாளருக்கும் மறுப்பில்லையாம். இப்பவே இறங்கலாம், வாங்கோ அண்ணை" எண்டு மூச்சு வாங்கினான்.

இவர் ஜேர்சியைக் கையில வாங்கினார். வாங்கி, விரிச்சுப் பாத்தார். எனக்கு மனம் தாங்கேல்லை. ஆறு வருச வீம்பு எல்லாம் எங்க போச்சுதோ தெரியாது. "போங்கோ" எண்டன். "வெளியாள் எண்டால் என்ன, உள்ளாள் எண்டால் என்ன. எனக்கு ஒண்டுமில்லை. போய் நில்லுங்கோ."

இவர் ஜேர்சியை வடிவா மடிச்சார். கப்டனிட்டைத் திருப்பிக் குடுத்தார்.

என்னைப் பாத்து, "நான் உம்மட புருசன்" எண்டார்.