இருபத்துமூன்றாவது கேள்வி

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது நான் போடிநாயக்கனூரில் இருந்து பஸ்சில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் விலங்கியல் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் மாதம், மலையில் மழை கொஞ்சம் விட்டிருந்த வாரம்.

எங்கள் தெருவில் பாதி வீடு ஏலத்தோட்ட வேலையை நம்பிய வீடு. விடிவதற்கு முன்பே ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு, பதினெட்டு பேர் ஏறி, போடிமெட்டு வழியாக மேலே கேரளத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இறங்குவார்கள். என் அம்மா இருபது வருடமாக அந்த ஜீப்பில் போய்வருகிறவள். எதிர்வீட்டு அத்தையும் கூடவே போவார். ரத்த சொந்தம் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தை ஆனவர். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அதனால் அந்த வீட்டில் அவர் மட்டும். என் அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான்.

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள் நான். கல்லூரியில் எல்லாமே இங்கிலீஷ். முதல் மாதம் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றியது ஒரு ஜெராக்ஸ் கட்டு. சீனியர் அக்காக்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்தது. அடிப்படை உயிரியலுக்கு நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே விடை. இதை மனப்பாடம் செய்தால் போதும், பாஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் கரைத்துக் குடித்தேன். கமா, புள்ளி மாறாமல் எழுதுவேன். அர்த்தம் கேட்டால் மட்டும் முழிப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லையே என்று ஒரு தைரியம்.

கேட்பதற்கு ஒரே ஓர் ஆள் இருந்தாள். அம்மா. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் நான் சத்தமாகப் படித்தால் காய் நறுக்கிக்கொண்டே, "தமிழ்ல சொல்லு ஆத்தா, என்னன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்பாள். முதலில் ஏதோ சொல்லிப் பார்த்தேன். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? ஒருநாள் எரிச்சலில், "உனக்குச் சொன்னா எனக்கு மார்க் போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அதற்குச் சிரித்தாள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அன்றைக்கு எங்களுக்கு உள்தேர்வு. அந்தக் கட்டில் இருந்த இருபத்துமூன்றாவது கேள்வி வந்திருந்தது. நரம்பு முனையில் ஒரு நொதி செய்யும் வேலை என்ன, பூச்சிமருந்து அதைத் தடுத்தால் உடம்பில் என்னென்ன அறிகுறி தோன்றும், முதலுதவி என்ன? எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சலைவேஷன், லாக்ரிமேஷன், மயோசிஸ் என்று ஒரு தாளம் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அந்தத் தாளம் மாறாமல் எழுதிவிட்டு வந்தேன். முழு மார்க் நிச்சயம் என்ற மிதப்பில் வாசலில் நின்றபோதுதான் ஜீப் வந்தது.

முதலில் இறங்கியது அத்தை. நேராக நடக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துத் துடைத்து, "ஏத்தா, கண்ணு மசமசன்னு இருக்கு. எச்சி ஊறிக்கிட்டே வருது. என்னவா இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் டாக்டர் மாதிரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "வெறும் வயித்தோட வெயில்ல நின்னுருப்பீங்க அத்தே. வளைவுல வந்தது வேற. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சிட்டுப் படுங்க, சரியாப் போகும்" என்றேன்.

அதை நம்பித்தான் அவர் தன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் மலையில் இருந்து இறங்கியவருக்குத் தலைசுற்றினாலும் வாந்தி வந்தாலும் பழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுக்குத்தான் போகும். நானும் அதையேதான் சொன்னேன். இருபது வருடம் அந்த வளைவுகளில் போய்வந்தவர்களுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் சுற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா வந்ததும் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புடவைக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தது. வீடு முழுக்க மருந்து வாடை. அது எங்களுக்குப் பழகிய வாடைதான்.

"மருந்தடிக்கிற ஆளு ரெண்டு பேரு இன்னிக்கு வரல. டிரம்முல கலக்கவும் ஓசுக் குழா இழுக்கவும் எங்க ரெண்டு பேரையும் நிப்பாட்டிட்டாங்க. ஓசுல ஒரு எடத்துல பொத்தல், மேலெல்லாம் பீச்சிருச்சு. சூப்பர்வைசருகிட்டச் சொன்னா, குழப்பமில்ல சேச்சி, ஒண்ணும் ஆகாதுங்கிறாரு" என்றாள்.

"அங்கயே குளிச்சிருக்கலாம்ல?"

"குளிச்சா ஜீப்பு நிக்குமா? செத்த இருந்துட்டு எந்திரிக்கிறேன். மேலுக்கு ஒரு மாதிரி இருக்கு."

காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்ததும் வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டேன். பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் எழுதிய விடை சரிதானா என்று பார்க்க உட்கார்ந்தேன். பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்களுக்கு இருக்கும் வியாதி இது. அம்மா மூன்றடி தூரத்தில் இருந்தாள். நான் மயோசிஸ், சலைவேஷன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"பரிச்ச நல்லா எழுதிருப்ப" என்றாள் அம்மா. "மத்தியானத்துல இருந்து எடது கண்ணு துடிச்சுக்கிட்டே கெடக்கு. நல்ல சேதி வரும்னு அப்பவே நெனச்சேன். என்னத்த முணங்குற? தமிழ்ல சொல்லு ஆத்தா, கேட்டுக்கிட்டே கெடக்கேன்."

வேறு நாளாக இருந்தால் வள்ளென்று விழுந்திருப்பேன். நன்றாக எழுதிவிட்ட சந்தோஷம், சொல்லிக்காட்டத் தோன்றியது. தாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் யோசித்துச் சொன்னேன்.

"நரம்பு முடியிற எடத்துல ஒரு சாறு சுரக்கும்மா. அதுதான் தசைய வேலை செய்யச் சொல்லும். சோலி முடிஞ்சதும் அந்தச் சாற அழிக்க ஒண்ணு இருக்கு. பூச்சிமருந்து உடம்புல ஏறிட்டா, அந்த அழிக்கிறது வேலை செய்யாது. சாறு நிக்காம ஏறிக்கிட்டே போகும்."

"போனா?"

"எச்சி வழியும். கண்ணுல தண்ணி வடியும். வேர்த்து ஊத்தும். வாந்தி வரும். கண்ணுப் பாப்பா சுருங்கி, பார்வை மங்கிப்போகும். தசையெல்லாம் தன்னால துடிக்கும்."

 அம்மா மெதுவாகக் கேட்டாள். "பொஸ்தகத்துல உள்ளதச் சொல்லச் சொன்னா, ஏன் ஆத்தா என்னையப் பாத்துச் சொல்ற?"

நான் அவளைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. விளக்கைப் போட்டு முகத்தைத் திருப்பினேன். கருவிழி நடுவில் கண்மணி ஒரு கடுகளவுகூட இல்லை. இடது இமை துடித்துக்கொண்டே இருந்தது. 

விடையின் கடைசி இரண்டு வரி நினைவுக்கு வந்தது. நனைந்த உடையை அகற்ற வேண்டும், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சட்டையை உருவி எறிந்தேன். புடவையையும் அவிழ்த்தேன். குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றி, துணிசோப்பைப் போட்டுத் தேய்த்தேன். வேறு புடவை சுற்றிவிடும்போது அம்மாவின் தோள் தசை என் கைக்குள் துடித்ததை இப்போதும் என்னால் உணர முடிகிறது. அந்த நேரத்தில்தான் அத்தை நினைவுக்கு வந்தார்.

அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தெருமுனையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அத்தை பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். அதே ஈரத் துணி. வாயில் நுரை. தலைமாட்டில் பாதி குடித்த எலுமிச்சம்பழச் சாறு. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மூச்சு மட்டும் கறகறவென்று சத்தமாக இழுத்தது.

டிரைவர் அண்ணன் ஓடிவந்து தூக்கினார். "வெரசா ஏறு பிள்ள, அம்மாவக் கொண்டா" என்றார். ஜீப்பில் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். அத்தையின் தலை என் மடியில். என் பாவாடையெல்லாம் எச்சில். ஆஸ்பத்திரி எங்கள் தெருவில் இருந்து பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் நான் அத்தையிடம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மன்னிப்பு கேட்டேன் என்று பிறகு அம்மா சொன்னாள்.

டாக்டர் அத்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நர்சிடம் "மயோசிஸ், சலைவேஷன்" என்று இரண்டே சொல் சொன்னார். அந்த இரண்டையும் அன்றைக்குக் காலையில்தான் நான் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு வந்திருந்தேன். என்ன மருந்து அடித்தார்கள் என்று டாக்டர் கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் அண்ணன்தான் தோட்டத்துக்குப் போன் போட்டு, சூப்பர்வைசரைத் திட்டி, டப்பாவில் இருந்த பெயரை வாங்கிச் சொன்னார். அதற்குள் இருவருக்கும் ஊசி ஏறத் தொடங்கியிருந்தது.

அம்மா மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். அத்தையைத் தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழாய் வைத்துத்தான் மூச்சு. பிழைப்பார் என்று ஒரு வாரம் வரை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. திருப்பூரில் இருந்து ஓடிவந்த மகன் வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா எங்கம்மா போயிருக்கும்" என்று அழுதான். நடந்ததை அவனிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் ஒரு பொய்.

நடுவில் ஒருநாள் கல்லூரிக்குப் போனபோது விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இருபத்துமூன்றாவது கேள்விக்கு முழு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் பாராட்டு. தோழிகள் வாங்கிப் பார்த்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அத்தைக்குக் குழாய் எடுத்து, பேச்சு வந்த பிறகு நானும் அம்மாவும் போனோம். குரல் தேய்ந்துபோயிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "அத்தே, அன்னிக்கு நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

அவரே பேசினார். "படுத்ததுல இருந்து நெஞ்ச அடைச்சுச்சு ஆத்தா. டிரைவரக் கூப்பிடுவமான்னு நெனச்சேன். அப்புறம், படிச்ச பிள்ள சரியாப் போகும்னு சொல்லிருக்கே, நாம எதுக்குப் பதறணும்னு படுத்துட்டேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. என்னைக் குத்திக்காட்டும் எண்ணம் துளிகூட இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்குத் தெரியல அத்தே. தெரியாமயே சொல்லிட்டேன்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எதற்காக மன்னிப்பு கேட்கிறேன் என்பதே அவருக்கு விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு விளங்கியது. வரும் வழியில் பஸ்சில் அவள் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. அம்மா போகிறாள். மருந்து டிரம் பக்கம் மட்டும் யார் சொன்னாலும் போவதில்லை. நான் படிப்பை முடித்து இப்போது ஒரு பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லி, உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர் அன்றைய என்னைப் போல முழிக்கிறார்கள். அவர்களை நான் திட்டுவதில்லை.

அத்தைக்கு இப்போதும் ஒரு தலைவலி, காய்ச்சல் என்றால் தெருவைத் தாண்டி என்னிடம்தான் வருகிறார். வந்து நின்று, "என்னவா இருக்கும் ஆத்தா?" என்று என் முகத்தையே பார்க்கிறார். "தெரியல அத்தே, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லிச் செருப்பைப் போடுகிறேன். சாகும் தறுவாய்க்குப் போய்வந்த பிறகும் அவருக்கு என் படிப்பின் மேல் இருக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை என்பதுதான், இந்த ஆறு வருடமாக எனக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் தண்டனை.