வீட்டை விற்றுக்கொடுத்த சொம்பு

அந்தச் சொம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கல் உண்டு. கட்டைவிரல் சரியாக உட்காரும் அளவுக்கு இருக்கும். என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் சொம்பு அது. மாடம்பாக்கத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து நசுங்கியது. நசுங்கிய பாத்திரத்தைச் சமையலறையில் வைக்க மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கழுத்தில் ஒரு கம்பியைச் சுற்றி, பின்பக்கக் கிணற்றடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். கொஞ்ச நாளில் அது மீன்காரம்மாவின் சொம்பு ஆனது.

மீன்காரம்மா கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வருவார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து வந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தெருக்களைப் பிரித்துக்கொள்வார்கள். எங்கள் காலனி இவருடையது. தலையில் அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் சுருக்குப் பை, வாயில் வெற்றிலை. என்னைவிட ஐந்தாறு வயதாவது மூத்தவராக இருப்பார். ஆனால் என்னைத்தான் அக்கா என்பார். நான் அவரை நீ, வா, போ என்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்றுதான் வருகிறது, அப்போது வரவில்லை.

எங்கள் பின்வாசல் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீனை ஆய்ந்து கொடுப்பார். முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அந்தச் சொம்பில் மொண்டு அண்ணாந்து குடிப்பார். ஒரு சொம்பு முழுவதும் மூச்சு விடாமல் உள்ளே போகும். பிறகு சொம்பைக் கவிழ்த்து உதறி, ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். மீன் வாடை வீட்டுப் பாத்திரத்தில் ஏறக்கூடாது, அதனால்தான் தனிச் சொம்பு என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அது மட்டும்தான் காரணமா என்று என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. பதினோரு வருடம் அவர் அதில் குடித்தார். அந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் வீட்டில் வேறு யாரும் அதை வாயருகே கொண்டுபோனதில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. என் கணவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஓர் அறையில் தனியாக இருந்து, மெஸ் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார். ஒவ்வொரு முறையும் சட்டை ஒரு சுற்று பெரிதானது மாதிரி தெரியும். பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான். ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர அங்கே ஒரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. வாடகை வீடு பார்த்துப் போகலாமே என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. இங்கே வீட்டுக் கடன் தவணை, அங்கே வாடகை என்று இரண்டையும் இழுக்க ஒரு சம்பளம் போதாது. இந்த வீடு மே மாதத்துக்குள் விலை போனால் ஜூனில் நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். போகாவிட்டால் இன்னொரு வருடம் அவர் அங்கே, நாங்கள் இங்கே. அவ்வளவுதான் கணக்கு.

எனக்குத் தன்னம்பிக்கைக்கு என்றைக்கும் குறைவில்லை. வீட்டை விற்பது என்ன பெரிய வித்தை, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் தயார் செய்வது போலத்தானே என்று பிப்ரவரியில் களத்தில் இறங்கினேன். பச்சைச் சுவரெல்லாம் சந்தன நிறமானது. ஹாலில் இருந்த விரிசலைப் பட்டி பார்த்து மறைத்தேன். என்னிடம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் கிறுக்கிய கதவுகளுக்கு இரண்டு கோட்டிங் எனாமல். மழைக்கு வீங்கி மூடாமல் நின்ற குளியலறைக் கதவை இழைத்துச் சரிசெய்தேன். பாதிச் சாமானைப் பரணில் ஏற்றியதும் ஹால் பெரிதாகிவிட்டது. தரகர் வந்து சுற்றிப் பார்த்தார். பழைய ஸ்கூட்டரில் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் உள்ள அத்தனை காலி மனையையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்.

“சூப்பர் மேடம். நீங்க எங்க லைனுக்கே வந்துடலாம். ஒரே ஒரு சஜஷன், வர்றவங்களுக்கு முதல் இம்ப்ரஷன் முக்கியம். ஜில்லுனு ஏதாவது கொடுங்க” என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே தண்ணீர் கேன் போடுகிற பையனிடம் சொல்லி வைத்தேன். பூப்போட்ட பீங்கான் ஜாடி ஒன்று, அதற்கு ஒரு மரத் தாங்கி, ஜாடியின் மேல் கவிழ்த்த கேன் என்று சமையலறை வாசலில் கண்ணில் படும்படி வைத்தேன். அதுவரை நாங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் நாலு பேர் வந்து போகும்போது கிணற்றுத் தண்ணீரை நீட்டினால் கௌரவமாக இருக்குமா? தரகரும் ஜாடியைப் பார்த்து, “டீசென்ட்டா இருக்கு மேடம்” என்று சான்றிதழ் கொடுத்தார். பின்பக்கத்தையும் விடவில்லை. துருப்பிடித்த ஆணியும் நசுங்கிய சொம்பும் அசிங்கமாகத் தெரிந்தன. ஆணி வர மறுத்தது. சொம்பை மட்டும் எடுத்துத் துவைக்கிற கல்லுக்கு அடியில் தள்ளினேன்.

கடைசியாக மீன்காரம்மா. ஒரு புதன்கிழமை அவர் கேட்டைத் திறந்தபோது வழியிலேயே நிறுத்தினேன்.

“மூணு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதம்மா. வீடு பார்க்க ஆளுங்க வர்றாங்க. வாடை பட்டா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க.”

அவர் கூடையை இறக்கக்கூட இல்லை. “வூட்ட விக்கப் போறியாக்கா?” என்றார். ஆமாம் என்றேன். தலையைத் திருப்பிப் பின்பக்கக் கொய்யா மரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “வித்துட்டா அப்பால இன்னாத்துக்கு வரப்போறேன். செரிக்கா, நல்ல வெலைக்குப் போவட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று குடும்பம், நான்கு குடும்பம். வாசலில் கோலம், ஹாலில் ஊதுபத்தி, நடக்கிற தூரத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில். எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. “தண்ணி எப்படிங்க?” என்று எல்லோரும் கேட்டார்கள். “கல்கண்டு மாதிரி இருக்கும்” என்று நானும் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிக்கொண்டே பீங்கான் ஜாடியின் குழாயைத் திருகி, கண்ணாடி டம்ளரில் பிடித்து நீட்டுவேன். குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “குடிக்கிறதுக்கு வெளியில வாங்கறீங்க போல” என்று ஒருவர் கேட்டார். “ஆமா சார், கேன்தான். எங்க வீட்ல சுகாதாரத்துல மட்டும் குறையே வைக்க மாட்டோம்” என்று நிமிர்ந்து சொன்னேன். போன் பண்ணுகிறோம் என்று போனார்கள். ஒருவரும் பண்ணவில்லை. மார்ச் போனது, ஏப்ரலும் போனது. விலையைக் குறைக்கலாமா என்றார் தரகர். கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தால், “இந்த வாரம் வந்தவங்க எப்படி?” என்ற கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, பிறகு நின்றே போனது. அவர் கேட்டதைவிட, கேட்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது. குறை வீட்டில் இல்லை, வருகிற ஆட்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. கீழ்க்கட்டளையில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கையில் திசைகாட்டி வைத்துக்கொண்டு ஈசானிய மூலையைத் தேடி அறை அறையாகப் போனார். மனைவி பள்ளி ஆசிரியை. அவர் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று என் பீங்கான் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் மீன்காரம்மா. வெயிலில் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. கையில் கூடை இல்லை.

“கோச்சிக்காதக்கா. கூடைய தெரு முக்குலயே வெச்சிட்டேன், கையக்கூட கழுவிட்டேன். நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு சொம்பு தண்ணி குட்சிட்டுப் போயிட்றேன்.”

அவரைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும், அதுதான் என் கவலை. துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து சொம்பை எடுத்து அலம்பி, உள்ளே போய்ப் பீங்கான் ஜாடியிலேயே பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றியவர் அப்படியே நின்றார். கொய்யா மரத்தடியில் துப்பினார்.

“இன்னாக்கா இது, கேன் தண்ணியா? ஐயோ, கெணத்துக்கு இன்னா ஆச்சு? வத்திப்பூடுச்சா?”

நான்கு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். மெதுவாகப் பேசு என்று சைகை காட்டினேன். அதற்குள் ஜன்னலில் இருந்த ஆசிரியை பின்வாசலுக்கே வந்துவிட்டார். மீன்காரம்மா யாரையும் கவனிக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். “கீதே, தண்ணி நல்லாத்தான் கீது” என்று தானே சொல்லிக்கொண்டு வாளியை விட்டு இறைத்தார். சொம்பில் இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

“இந்தத் தண்ணி நல்லா இருக்குமா?” என்று ஆசிரியை கேட்டார், என்னையல்ல, அவரை.

“இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? இந்தக் காலனில ஒரு வூடு வுடாம தண்ணி வாங்கிக் குட்ச்சவ நானு. எதித்த வூட்ல உப்பு, பின்னாடி தெருவுல துரு நாத்தம். இந்தத் தெருவுல ரெண்டே வூடு, இது ஒண்ணு, முக்கு வூடு ஒண்ணு. ரெண்டு மாசமா அந்த உப்புத் தண்ணிய குட்சிகினு சுத்திகினு கீறேன், என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.”

“அப்ப இவங்க ஏன் கேன் வாங்கறாங்க?”

“அத்த அவங்களாண்டதான் கேக்கணும்” என்று மீன்காரம்மா என்னைக் கை காட்டினார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுச் சமையலறையில் கேன் நிற்கிறதோ அந்த வீட்டுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்கும் தெரியும். வேறு வீட்டில் பார்த்திருந்தால் நானே அப்படித்தான் நினைத்திருப்பேன். மூன்று மாதமாக ‘தண்ணீர் கெட்டது’ என்று பூப்போட்ட ஜாடியில் எழுதி, வருகிறவர்களுக்கு என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“வர்றவங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னு... அழகுக்குத்தாங்க வெச்சேன்” என்றேன்.

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். மீன்காரம்மாவும் சிரித்தார். “எங்க வாடகை வீட்ல உப்புத் தண்ணி. குளிச்சுக் குளிச்சு முடியெல்லாம் கொட்டிப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே ஆசிரியை கையை நீட்டினார். மீன்காரம்மா சொம்பை அலம்பி, மொண்டு கொடுத்தார். நான் உள்ளே ஓடி டம்ளர் எடுத்து வருவதற்குள் ஆசிரியை குடிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணாந்து அல்ல. சொம்பில் வாய் வைத்து, நிதானமாக, பாதிக்கு மேல் குடித்தார். நான் டம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றேன்.

திசைகாட்டியோடு வந்த கணவர், “கிணறு இருக்கிற மூலைதான் கொஞ்சம்...” என்று இழுத்தார்.

“மூலை இருக்கட்டுங்க. தண்ணி குடிச்சுப் பாருங்க” என்றார் மனைவி. அதற்கு மேல் அந்த வீட்டில் வாஸ்து பேசப்படவில்லை.

மீன்காரம்மா அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார். பின்னாலேயே ஓடினேன். “கூடையில என்ன மீன் இருக்கு?” என்றேன்.

“சங்கரா கீது. வோணாங்கா, ஆளுங்க உள்ள இருக்காங்க.”

“இருக்கட்டும். கொண்டா.”

அன்று புதிய பெயின்ட் வாசனையை மீறி வீடு முழுக்க மீன் வறுத்த வாசனை அடித்தது. அடுத்த வாரம் முன்பணம் வந்தது. ஜூனில் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் எங்களை அழைத்துப்போக வந்த என் கணவர், பையனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் மறக்க முடியாது. தரகர் தன் கமிஷனைக் கறாராக வாங்கிக்கொண்டார். மீன்காரம்மாவுக்கு நான் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். அது போதுமா என்றால், போதாது. வராதே என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். வீடு விற்ற தெம்பில் அதையும் சொல்லவில்லை. சாமான் ஏற்றும்போது சொம்பை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

போன வருடம் பெருங்களத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது மாடம்பாக்கத்துக்கும் போனேன். தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடி ஆகியிருந்தன. இரண்டு வாசல்களில் தண்ணீர் லாரி நின்றது. எங்கள் வீடு அப்படியே இருந்தது. சந்தன நிறம் போய் மறுபடியும் பச்சை. ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டாராம். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பின்வாசலை எட்டிப் பார்த்தேன். கிணறு இருந்தது, ஆணி இருந்தது. சொம்பு இல்லை.

“மீன்காரம்மா வர்றாங்களா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை தவறாது. இப்ப மருமக வண்டியில கொண்டுவந்து விடறா. ஹால்ல உக்காந்து காபி குடிச்சிட்டுத்தான் போவாங்க.”

“அவங்க சொம்பு ஒண்ணு ஆணியில மாட்டியிருந்ததே?”

“அவங்க சொம்பா?” என்று யோசித்தார். “அப்படித் தனியா ஒண்ணும் இல்லையே. எல்லாம் அலமாரிலதான் இருக்கு.”

சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் நசுங்கலில் போய் உட்கார்ந்தது. கம்பி சுற்றியிருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு மட்டும் மிச்சம். பழக்கத்தில் அண்ணாந்து தூக்கப் போனவள், தாழ்த்தி, வாய் வைத்துக் குடித்தேன். என் சீரில் வந்து, என் வீட்டில் பதினோரு வருடம் தொங்கிய சொம்பில் நான் தண்ணீர் குடித்தது அன்றுதான் முதல் தடவை. தண்ணீர் அப்படியேதான் இருந்தது.