கோணப்பாலத் தோட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அறிமுகமில்லாத இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது பெயரை அல்ல, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதைத்தான். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு அருகே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களை இடித்த பிறகு, என் அம்மா அதற்குப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். "இப்ப ஈப்போ சிலிபின்ல இருக்கோம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

என் முதல் நாவல் அந்த வெளியேற்றத்தைப் பற்றியது. உண்மைப் பெயரை எழுதுவதா என்று நெடுநாள் யோசித்தேன். மாற்று வீட்டுக்காக வழக்காடும் குடும்பங்கள் இன்னும் இருந்தன. ஒரு பாத்திரத்தின் வாயில் நான் வைக்கும் கோபம் நீதிமன்றத்தில் அவர்கள் தலையில் விழக்கூடும். ஆகவே பெயரை மாற்றினேன். நுழைவாயிலில் இல்லாத ஒரு கோணல் மரப்பாலத்தைச் சேர்த்து, 'கோணப்பாலத் தோட்டம்' என்றேன்.

அச்சுக்குப் போகுமுன் வாசித்த அம்மா, "எல்லாம் சரி. பேர மாத்திட்டியே, அப்ப இது யாரு கதை?" என்றார்.

ஈப்போவில் நடந்த வெளியீட்டு விழாவில் அந்தக் கேள்வியும் என்னோடு மேடையேறியது. நூலாய்வு செய்த பேராசிரியர் அதையே நாகரிகமாகக் கேட்டார்: "அநீதியைப் பற்றி எழுதுபவர் கற்பனைத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாமா?"

நான் ஒலிவாங்கியை எடுப்பதற்குள் பின்வரிசையில் ஒரு லாரி ஓட்டுநர் எழுந்துவிட்டார்.

"எது சார் கற்பனை? நான் அங்கதான் பொறந்தேன்லா! அந்தப் பாலத்துல என் மோட்டார் சைக்கிள் எத்தன வாட்டி சறுக்கியிருக்கு!"

"எந்தப் பக்கம் அண்ணே?" என்றார் முன்வரிசைப் பெண் ஒருவர்.

"சுங்கை சிப்புட்டு."

"அப்ப அது வேற. இது ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், எங்க தோட்டம். பாலம் ஆத்துப் பக்கமா சாஞ்சிருக்கும்."

"அக்கா, உங்க பாலம் நேராத்தான் இருந்திருக்கும். நீங்கதான் கோணலா நடந்திருப்பீங்க!" என்றார் ஓட்டுநர்.

மண்டபம் குலுங்கியது. அந்தச் சிரிப்பின் நடுவே மூன்றாமவர் ஒருவர், உட்கார்ந்தபடியே, "எங்களுக்குப் பாலமே இல்ல. ஆனா புத்தகத்துல வர்ற மானேஜர் எங்க மானேஜர்தான்" என்றார்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. பிறகு எழுந்த கைதட்டலை நான் இன்றும் காதில் வைத்திருக்கிறேன். அது எனக்கானது மட்டுமல்ல. தங்கள் தோட்டத்தை அடையாளம் கண்டவர்கள் தங்களுக்கே தட்டிக்கொண்டது. "என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்" என்று பேராசிரியரும் சேர்ந்து தட்டினார்.

வெளியே தேநீர் மேசையருகே அந்த லாரி ஓட்டுநர் என் அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பது கேட்டது.

"நீங்க எந்தத் தோட்டம்மா?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோணப்பாலம்" என்றார். "பாலத்தத் தாண்டினா மொத லயம். நீ எந்த லயம் தம்பி?"