எங்கள் குசினியில் ஒரு நீதிபதி

என் தங்கச்சியின் அகதி வழக்கு தோற்றதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சட்டத்தரணியைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குத் துணை நின்றவர் ஓர் ஆங்கிலேயப் பெண். முப்பது வருடம் மேடையிலும் திரையிலும் நடித்துவிட்டுப் படம் இயக்க வந்தவர். இரண்டு பேரும் அவளுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தோம்.

நான் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் நிற்பவள். அந்த விண்டரில் அவர் தினமும் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்குவார். வெளியே போகாமல் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிடுவார். சாப்பிட்டபடி சனத்தைப் பார்ப்பார். முருங்கைக்காய் பொறுக்குகிற கையை, கைப்பேசியில் சத்தம் போடுகிற வாயை, எல்லாவற்றையும். எங்கள் முதலாளி பயந்துபோய், "பிள்ளை, உந்த மனிசி வரிக் கந்தோர் ஆளோ எண்டு ஒருக்கா விசாரி" என்றார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் நான் போய்க் கேட்டேன். அவருடைய பிரெஞ்சு என்னுடையதை விட மோசம். ஆங்கிலம் கேட்டதும் கையில் இருந்த ரோல்ஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசாவுக்காகக் காத்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி அவர் படம் எடுக்கப்போகிறாராம். பக்கத்திலேயே மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை எடுத்திருந்தார். என் லீவு நாளான செவ்வாய்க்கிழமைகளில் மொழிபெயர்க்க வரச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். கல்லாவில் நின்று நின்று மரத்துப்போன எனக்கு அது பெரிய மாற்றமாக இருந்தது.

அவருடைய கதையை அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான் கேட்டேன். வடக்கு இங்கிலாந்தில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நாடகப் பள்ளிக்குப் போக, முதல் வேலையாக அவருடைய ஊர்ப் பேச்சைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பத்து வருடம் மேடையில் அரசி வேடம். தாய் தொலைபேசியில் பேசினால், எந்த நாட்டு ராணி பேசுவது என்று கேட்பாளாம். பிறகு சினிமா. ஒரு படத்தில் பிள்ளை செத்த செய்தி கேட்டு அழ வேண்டும். முதல் தடவை அழவே வரவில்லை, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். இயக்குநர் விடவில்லை. இருபத்திரண்டு தடவை எடுத்தார்கள். கடைசித் தடவை அழுததைத்தான் படத்தில் வைத்தார்கள், அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. "தியேட்டரில் போய்ப் பார்த்தேன். அந்த அழுகைக்குள் ஒன்றுமே இல்லை" என்றார்.

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு வேடங்கள் குறைந்தன. முதலில் தாய், பிறகு நீதிபதி, கடைசியில் பிணம். ஒரு துப்பறியும் தொடரில் பிணமாகக் கிடந்தபோதுதான் இனிப் போதும் என்று முடிவெடுத்தாராம். வீட்டை விற்றுத் தானே படம் எடுக்கத் தொடங்கினார். அவருடைய படங்களில் ஒரு விதி இருந்தது. எவரையும் இரண்டாம் தடவை சொல்ல வைக்க மாட்டார். முதல் தடவை வருவது எப்படி வந்தாலும் அதுதான்.

என் தங்கச்சி அப்போது புறநகரான கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வீட்டு ஹோலில் படுத்துக்கொண்டு அப்பீலுக்குக் காத்திருந்தாள். முதல் விண்ணப்பம் றிஜெக்ட் ஆகியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டு இயக்குநர் ஒருநாள் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினி மேசையில் ஒரு சின்னக் கமெராவை வைத்துவிட்டு, விருப்பம் இருந்தால் மட்டும் பேசச் சொன்னார். தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே, புருசனை ஆமி பிடித்துக்கொண்டுபோனதைச் சொல்லத் தொடங்கினாள்.

"இவரைக் கொண்டுபோன பிறகு பதினொரு நாள் மதாம், ஒவ்வொரு நாளும் சோத்துப் பெட்டியோடை காம்ப் வாசலுக்குப் போனனான். கத்தரிக்காய்க் கறி, பருப்பு, மீன் பொரியல். வாசல்லை நிண்ட ஆமிக்காரன் வாங்கி உள்ளை கொண்டுபோவான். அடுத்த நாள் பெட்டியைக் கழுவித் தருவான். பன்ரெண்டாம் நாள் ஒரு பெரியவன் வந்து, உன்ரை புருசன் இஞ்சை வரவே இல்லை எண்டான்." அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஆர் மதாம் பதினொரு நாளும் அந்தச் சோத்தைத் திண்டது? உறைப்புக் கூடிப்போச்செண்டு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் சனத்துக்கு இந்தப் பழக்கம் உண்டு, தாங்க முடியாததைச் சொல்லும்போது சிரிப்போம். செத்தவீட்டில் கூட ஒரு மூலையில் சிரிப்பாகக் கிடக்கும். ஆனால் வெள்ளைக்காரிக்கு இது விளங்குமா? மொழிபெயர்த்து முடித்துவிட்டு, அவள் களைத்துப் போனாள், அதுதான் இப்படி, என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கமெராவை நிறுத்தி, அதிலிருந்த சின்னப் பதிவு அட்டையைக் கழற்றிக் கைப்பையின் உள்பக்கம் வைத்தார்.

இரண்டு கிழமையில் அப்பீல் விசாரணைத் திகதி வந்தது. லா சப்பலில் இதற்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கேஸைப் பாடமாக்க வேண்டும். ஒரு திகதி பிசகினாலும் கேஸ் கிழிந்தது என்பார்கள். கேஸ் எழுதிக் கொடுக்கிற அண்ணை ஒருவர் நாலு பக்கத்தில் திகதி திகதியாக எழுதித் தந்திருந்தார். அதில் சோறு இல்லை, கத்தரிக்காய் இல்லை. "உதெல்லாம் ஜட்ஜுக்கு என்னத்துக்கு, தங்கச்சி?" என்று அவர் அவளைக் கேட்டபோது நானும் தலையாட்டினேன்.

எனக்கு இருந்த பயமெல்லாம் அவள் அங்கேயும் சிரித்துவிடுவாளே என்பதுதான். இயக்குநரிடம் போய், இவளுக்குப் பழக்கிவிடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். "உன் தங்கை முதல் தடவை சொன்னதுதான் சரி. அதில் நான் கை வைக்க மாட்டேன்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படத்துக்கு அவளுடைய சிரிப்பு வேண்டும், ஆனால் அவளைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன். பொல்லாத கேள்வி. அவர் முகம் சிவந்து போனது. அடுத்த நாள் கடைக்கு வந்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாட்கள் எங்கள் குசினியில் ஒத்திகை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நீதிபதியாக உட்கார்ந்தார். தொலைக்காட்சியில் பல தடவை நீதிபதியாக இருந்தவர் அல்லவா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவர் நிமிர்ந்தபோது நானே கதிரையில் நேராக உட்கார்ந்தேன். தொடங்கியபின் அவராலும் நிறுத்த முடியவில்லை. எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை இறக்குவது, எந்தச் சொல்லுக்குப் பிறகு மூன்று எண்ணும் வரை பேசாமல் இருப்பது, கையை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தங்கச்சி கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொண்டாள். கடைசி நாள் அவள் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன். ஒரு திகதி பிழைக்கவில்லை, ஒரு தடவை சிரிக்கவில்லை. இயக்குநர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விசாரணை அன்று நானும் இயக்குநரும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி பழக்கினபடியே அச்சொட்டாகச் சொன்னாள். நீதிபதி ஒரு பெண், களைத்த முகம், கெட்டவள் மாதிரித் தெரியவில்லை. அவள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டாள். தங்கச்சி பாடமாக்கிய அதே வசனத்தை, அதே மூன்று எண்ணும் மௌனத்தோடு, திருப்பிச் சொன்னாள். நீதிபதி பேனையை வைத்துவிட்டு, மெதுவாக இன்னொன்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "அந்த வாசல்லை உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு எண்டு கேக்கிறா. ஏதாவது, சின்ன விசயமெண்டாலும்."

தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சோறு அவள் வாயருகே வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையை அசைத்தேன். வேண்டாம், பழக்கினதைச் சொல். அவள் முன்பக்கம் திரும்பிக் கையை மேசையில் வைத்து மூன்றாம் தடவையும் அதே வசனத்தைச் சொன்னாள்.

வெளியே வந்ததும் இயக்குநர் மதிலில் சாய்ந்து நின்றார். "நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். ஒரு இடமும் பிசகவில்லை" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து நான் நன்றி சொன்னேன். மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதை வாசித்தவளும் நான்தான். விண்ணப்பதாரரின் கூற்று பாடமாக்கி ஒப்புவித்ததுபோல் இருந்தது, நேரில் அனுபவித்ததன் அடையாளம் அதில் இல்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் எல்லாமே மரியாதையாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு தங்கச்சி ஒளித்து ஒளித்து ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினாள். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது ரயிலில் டிக்கெட் சோதனையில் விசா இல்லாமல் பிடிபட்டாள். இருபது நாளில் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மாமி வீட்டில் இருக்கிறாள். யாரோ இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து வீட்டுப் படலை தாண்டி வெளியே போவதில்லை.

இயக்குநரின் படம் போன மாதம் இங்கே லா சப்பலுக்கு அடுத்த மெட்ரோவான ஸ்டாலின்கிராட் பக்கத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் ஓடியது. முன்பே என்னிடம் வந்து, குசினியில் பதிந்ததைப் போடட்டுமா, முகம் வராது, பெயர் வராது, குரலையும் மாற்றிவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். தங்கச்சியிடம் கேட்டேன். "போடச் சொல்லுங்கோ அக்கா. அங்கையாவது ஆரும் நம்பட்டும்" என்றாள்.

அந்த இடம் வந்ததும் திரை முழுக்கக் கறுப்பானது. முப்பது வருடம் முகத்தைக் காட்டிப் பிழைத்த மனிசி முகமே இல்லாமல் நாலு நிமிடம் வைத்திருந்தார். வெங்காயம் உரிக்கிற சத்தம், பிறகு அவள் சிரிப்பு. உறைப்பைப் பற்றிச் சொன்னபோது தியேட்டரிலும் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பக்கத்தில் இயக்குநர் தலை குனிந்திருந்தார். எனக்கு அவரையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"சனம் நம்பினதே அக்கா?"

"ஓம். அழுதவை."

"அப்ப அந்தச் சனத்தையே ஜட்ஜா விட்டிருக்கலாமே" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். இந்தத் தடவை அவளை நிறுத்தச் சொல்லவில்லை.